வேர் வராத ஆர்க்கிட் குட்டியை வெட்டலாமா?

கேள்வி: வீட்டில் ஒரு ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் இருக்கிறது. பூ உதிர்ந்த பிறகும் பச்சையாகவே நின்ற பூத்தண்டின் கணுவில் ஒரு குட்டிச்செடி (கெய்க்கி) முளைத்திருக்கிறது. இரண்டு இலை விட்டுவிட்டது. அடியில் அரை சென்டிமீட்டருக்கு ஒரு வேர்முனை தெரிகிறது. செடி விற்றவரைக் கேட்டால், "உடனே வெட்டி நட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் தாய்ச்செடியை உறிஞ்சிக் கொன்றுவிடும். வேர் பிடிக்க இந்த கெய்க்கி பேஸ்டைத் தடவுங்கள்" என்று ஒரு சின்ன டப்பாவை நீட்டுகிறார். செய்யலாமா? பிழைத்தால் வெளிநாட்டில் இருக்கும் அக்காவுக்கு அனுப்ப ஆசை.

பதில்: வெட்டாதீர்கள். டப்பாவையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

முதலில் அந்தப் பயத்தைப் போக்கிவிடுகிறேன். தாய்ச்செடி ஆரோக்கியமாக இருந்தால் ஒரு குட்டியால் அது சாகாது. அடுத்த பூ சற்றுத் தாமதமாகலாம், அவ்வளவுதான். தாய் செத்து, பக்கத்தில் குட்டி இருந்தது என்றால், பெரும்பாலும் தாய் முதலிலேயே அழுகிக்கொண்டிருந்திருக்கும். பழி குட்டியின் மேல் விழும்.

இப்போது வெட்டினால் என்ன ஆகும்? குட்டிக்கு இன்றைக்குத் தண்ணீரும் சத்தும் வருவது பூத்தண்டு வழியாகத்தான். அதை அறுத்துவிட்டால் கையில் இருப்பது இரண்டு இலைக்குள் சேர்த்து வைத்த ஈரம் மட்டுமே. ஆர்க்கிட் இலை தடிமனானது, உடனே வாடிக் காட்டாது. சில வாரம் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் இலையில் நீளவாக்கில் சுருக்கம் விழும், தொட்டால் தோல்போலத் துவளும். அதற்குள் நீங்கள், "தண்ணீர் போதவில்லையோ" என்று இன்னும் ஊற்றி அடியை அழுக வைத்திருப்பீர்கள். விற்றவருக்கும் இது வசதி. வெட்டச் சொன்னது யார் என்பது அதற்குள் மறந்துபோயிருக்கும்.

கணக்கு இலையில் இல்லை, வேரில் இருக்கிறது. குறைந்தது 3 வேர், ஒவ்வொன்றும் 5 முதல் 7 சென்டிமீட்டர், நுனி பச்சையாகவோ செம்பழுப்பாகவோ பளபளவென்று வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். அதுவரை கை வைக்காதீர்கள். இதற்கு 6 மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். அதற்காக ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது. வேர் ரொம்ப நீண்டு முறுக்கிக்கொண்டால் தொட்டியில் மடக்கும்போது ஒடியும்.

காத்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காலையில் குட்டியின் அடிப்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், இலை நடுவே தேங்க விடாதீர்கள். ஊறவைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை ஒரு கைப்பிடி எடுத்து, வேர்முனை இருக்கும் இடத்தில் தளர்வாகச் சுற்றி நூலால் கட்டிவிட்டால் வேர் சீக்கிரம் நீளும். தாய்க்கு வழக்கமான உரம் போதும். குட்டிக்குத் தனியாக எதுவும் வேண்டாம்.

இனி அந்தப் பேஸ்ட். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. அதில் இருப்பது சைட்டோகைனின் வகை ஹார்மோன், லானோலின் போன்ற கொழுப்பில் குழைத்தது. அதன் வேலை தூங்கும் மொட்டை எழுப்பித் தளிர் விட வைப்பது. வேர் விட வைப்பது ஆக்சின் என்ற வேறு ஹார்மோன். இரண்டில் சைட்டோகைனின் மிஞ்சினால் தளிர், ஆக்சின் மிஞ்சினால் வேர் என்பதை ஸ்கூக், மில்லர் என்ற இரு தாவர ஆய்வாளர்கள் 1957-லேயே புகையிலைத் திசுவில் காட்டிவிட்டார்கள். ஆக, வேர் வராத குட்டியின் அடியில் இந்தப் பேஸ்டைத் தடவச் சொல்வது தலைகீழ் வைத்தியம். வேர் வருவது இன்னும் தள்ளிப்போகலாம். பக்கத்திலேயே இன்னொரு தளிர் கிளம்பி, வேரில்லாத குட்டி இரண்டாக நிற்கும்.

சரி, புதுக் குட்டி வரவழைக்க அதைப் பயன்படுத்தலாமா? பச்சைப் பூத்தண்டில், கணுவை மூடியிருக்கும் சின்னச் செதிலை உரித்துவிட்டு, மொட்டின் மேல் கடுகளவு தடவினால் குட்டி வரலாம். பூத்தண்டும் வரலாம். எது வரும் என்பது நம் கையில் இல்லை. அதிகம் தடவினால் கொத்தாக, கோணல்மாணலாக முளைத்து ஒன்றும் உருப்படாது. பொட்டலம் கட்டி விற்கும் பல டப்பாக்களில் ஹார்மோனின் அளவே எழுதியிருக்காது. உணவு டப்பாவில் உப்பு எவ்வளவு என்று எழுத வைக்கிறார்கள், இதைக் கேட்பாரில்லை. நான்கைந்து இலைகூட இல்லாத, வேர் பழுதான செடியில் தடவினால் நிஜமாகவே தாய் போய்விடலாம்.

இப்படிப் பேஸ்ட் விற்கும் ஆட்களிடம் இன்னும் மூன்று சரக்கு இருக்கும். ஒன்று, ஆர்க்கிட் விதை. ஆர்க்கிட் விதை தூசுபோல இருக்கும், முளைக்கும் கருவுக்கான உணவு அதற்குள் கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். இல்லையென்றால் கிருமி நீக்கிய கண்ணாடிக் குடுவையில் சர்க்கரைக் கூழின் மேல் முளைக்க வைக்க வேண்டும். மண்ணில் தூவச் சொல்லித் தரும் விதை, குறிப்பாகக் கண்ணுக்குத் தெரியும் அளவு விதை, ஆர்க்கிட் விதையே இல்லை. இரண்டாவது, பளிச்சென்ற நீலப் பூவுடைய ஃபலனாப்சிஸின் குட்டி. அந்த நீலம் வெள்ளைப் பூச்செடியின் தண்டில் ஏற்றிய சாயம். தாயே அடுத்த முறை வெள்ளையாகப் பூக்கும், குட்டியும் வெள்ளைதான். மூன்றாவது, வேரில்லாத குட்டிகளைப் பையில் போட்டு விற்பது. அதன் கதையை மேலே சொல்லிவிட்டேன்.

இதைவிடப் பெரிய ஆபத்து கத்தி. குட்டி தாயின் அச்சு அசல் நகல், பூவும் அதே பூ, நோயும் அதே நோய். சிம்பிடியம் மொசைக் போன்ற வைரஸ் தாயில் இருந்தால் குட்டியிலும் இருக்கும். அதற்கு மருந்து கிடையாது. சாறு பட்ட கத்தியால் அடுத்த செடிக்கும் போகும். ஆல்கஹாலில் துடைத்துவிட்டோம் என்று நம்பாதீர்கள், வைரஸுக்கு அது போதாது. பிளேடைச் செக்கச்செவேல் என்று நெருப்பில் காட்டி, ஆறவிட்டு வெட்டுங்கள். செடி விற்பவர், "நானே வெட்டித் தருகிறேன்" என்று இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தால் செடியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

வேர் வரும்வரை வெட்டாதே என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத் தப்பாகப் புரிந்துகொண்டுதான் பலர் குட்டியைத் தொலைக்கிறார்கள். ஃபலனாப்சிஸ் ஒற்றை உச்சியில் வளரும் செடி. தாயின் இலைகள் சேரும் நடுப்பகுதியை இன்றே பாருங்கள். புது இலை நுனி தெரிந்தால் கவலையில்லை. கறுத்தோ, கொழகொழவென்றோ, லேசாக இழுத்தால் நடு இலை கையோடு வந்தாலோ உச்சி போய்விட்டது, அது இனி இலை விடாது. அந்த நிலையில்தான் செடி அவசர அவசரமாகக் குட்டி விடுவதும் உண்டு. அப்போதும் உடனே வெட்டக் கூடாது. பழைய இலைகள் பச்சையாக இருக்கும்வரை குட்டிக்கு அவை சோறு போடும், மாதக்கணக்கில் போடும். குட்டி பூத்தண்டில் இல்லாமல் தாயின் அடித்தண்டில் வந்திருந்தால் பிரிக்கவே வேண்டாம். தாய் மறைந்து அதே தொட்டியில் அதுவே செடியாகிவிடும்.

அப்படியானால் வேர் இல்லாமல் எப்போதுதான் வெட்டுவது? பூத்தண்டு கீழிருந்து, அதாவது தாயை ஒட்டிய பக்கமிருந்து மஞ்சளாகி ஏறி வந்தால் மட்டும். நுனியிலிருந்து காய்ந்து கீழே வந்தால் அது வழக்கமானது, குட்டிக்கு மேலே காய்ந்த பகுதியை நறுக்கிவிட்டுச் சும்மா இருங்கள். இந்த இரண்டு மஞ்சளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கீழிருந்து வரும் மஞ்சள் என்றால் குட்டிக்கு இரு பக்கமும் 3 சென்டிமீட்டர் தண்டு விட்டு வெட்டி, ஈரப் பாசியின் மேல் கிடத்தி, மூடியிருக்கும் தெளிவான பிளாஸ்டிக் பெட்டியில் வெளிச்சம் உள்ள, நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். தினமும் கொஞ்ச நேரம் திறந்து காற்று விடுங்கள். பிழைத்தால் அதிர்ஷ்டம்.

முறைப்படி வேர் வந்த குட்டி என்றால் வேலை சுலபம். வேரை 10 நிமிடம் தண்ணீரில் நனைத்தால் வளையும். சின்னத் தெளிவான தொட்டியில், பாசியிலோ பொடி மரப்பட்டையிலோ, அடி புதையாமல் நடுங்கள். வெட்டிய தண்டுமுனையில் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூள் தொட்டு வைக்கலாம், வேரில் படக் கூடாது, உலர்த்திவிடும். வேர் வெள்ளி நிறமானால் தண்ணீர், பச்சையாக இருந்தால் வேண்டாம். புது வேர்முனை தெரிந்த பிறகே உரம், அதுவும் கால் பங்கு. பூக்க 2, 3 வருடம் ஆகும். டென்ட்ரோபியம் என்ற வேறு வகை ஆர்க்கிட்டின் குட்டிக்கும் இதே கணக்குதான்.

கடைசியாக அக்கா. தபாலில் அனுப்பாதீர்கள். ஆர்க்கிட் குடும்பம் முழுக்க சைட்டிஸ் என்ற சர்வதேச வணிக ஒப்பந்தத்துக்குள் வருகிறது. காட்டிலிருந்து பிடுங்கி விற்பதைத் தடுக்க வந்த நல்ல சட்டம். ஆனால் ஃபலனாப்சிஸ் கலப்பினத்துக்கு அதில் கொடுத்திருக்கும் விலக்கைப் பாருங்கள்: ஒரே கலப்பினத்தில் 20 செடியோ அதற்கு மேலோ ஒரே பெட்டியில் போக வேண்டும், அல்லது பூ விரிந்த நிலையில், அச்சடித்த லேபிளோடு கடைச் சரக்காகப் போக வேண்டும். வியாபாரிக்குக் கதவு திறந்திருக்கிறது. ஜன்னலோரக் குட்டி ஒன்றுக்கு அனுமதிச் சீட்டு, தாவர நலச் சான்றிதழ், வரிசை, காத்திருப்பு. காகிதம் வந்து சேர்வதற்குள் குட்டி பூத்துவிடும். காட்டுச் செடியை இணையத்தில் கூசாமல் விற்பவனை இந்தப் படிவங்கள் எதுவும் செய்வதாகத் தெரியவில்லை. இருந்தாலும் அக்கா நேரில் வரும்போது பெட்டியில் ஒளித்துக் கொடுத்துவிடாதீர்கள். பிடிபட்டால் செடியைப் பறிமுதல் செய்துவிடுவார்கள், அபராதமும் வரலாம், கட்டப்போவது அக்காதான்.