டெர்மினலில் தமிழ் மின்னஞ்சல்: நியோமட் எங்கே சிக்குகிறது?

கேள்வி: பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை செய்கிறேன். பழைய மடிக்கணினி, டெபியன் லினக்ஸ். பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்தாலே திணறுகிறது என்பதால் டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் எழுத்துத் திரை) ஓடும் நியோமட் என்ற மின்னஞ்சல் நிரலுக்கு மாறப் பார்த்தேன். இணையத்தில் கிடைத்த நீளமான அமைப்புக் கோப்பு ஒன்றை அப்படியே போட்டேன். முதலில் கடவுச்சொல் தவறு என்றது. எப்படியோ அதைத் தாண்டினால், தமிழ்க் கடிதங்கள் பின்சாய்கோடும் எண்ணுமாகத் தெரிகின்றன. அனுப்பிய கடிதம் இரண்டிரண்டாகச் சேர்கிறது. இவை போக, 2000-ஐ ஒட்டிய என் பழைய கடிதங்கள் ஒரே கோப்பாக இருக்கின்றன. அவற்றையும் இதில் படிக்க முடியுமா?

பதில்: முடியும். முதலில் அந்த நீளமான கோப்பை வேறு பெயரில் ஓரமாக எடுத்து வையுங்கள். அதை எழுதியவருடைய சர்வர் வேறு, டெர்மினல் வேறு, பழக்கமும் வேறு. அத்தனை வரிகளில் எது உங்களைத் தடுக்கிறது என்று தேடுவதைவிட, ஏழெட்டு வரியில் புதிதாகத் தொடங்கினால் சீக்கிரம் முடியும்.

நியோமட் செய்யும் வேலை உண்மையில் கொஞ்சம்தான். ஐமேப் சர்வரிலிருந்து கடிதத்தை வாங்கிக் காட்டும். எழுதுவதற்கு ஒரு எடிட்டரைத் திறந்து கொடுக்கும். எழுதி முடித்ததை எஸ்எம்டிபி சர்வரிடம் ஒப்படைக்கும். எழுத்தைத் திரையில் வரைவது டெர்மினலின் வேலை. உங்கள் பிரச்சினைகள் இப்படி வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளறினால் எது எதனால் என்று பிடிபடாது. ஆகவே முதலில் படிப்பதை மட்டும் ஓட வையுங்கள், பிறகு அனுப்புவது, அப்புறம் தமிழ். ஒரு குறிப்பு: அமைப்புகளின் பெயர்களை வாசிக்க வசதியாக 'ஐமேப் யூசர்' என்று பிரித்து எழுதுகிறேன். கோப்பில் இரண்டு சொல்லையும் அடிக்கோட்டால் இணைத்து எழுத வேண்டும்.

படிப்பதற்கு நான்கு அமைப்பு போதும்: 'ஐமேப் யூசர்', 'ஐமேப் பாஸ்', 'ஃபோல்டர்', 'ஸ்பூல்ஃபைல்'. ஃபோல்டர் என்பது ஜிமெயிலின் ஐமேப் முகவரி. அதன் தொடக்கத்தில் 'ஐமேப்ஸ்' என்று கடைசி எஸ் எழுத்தோடு எழுதுங்கள். அப்போதுதான் 993-ஆம் போர்ட்டில் மறையாக்கத்தோடு இணையும். ஸ்பூல்ஃபைலுக்குக் கூட்டல் குறி போட்டு இன்பாக்ஸ் என்று கொடுங்கள்.

கடவுச்சொல்லுக்கு வருவோம். ஜிமெயிலில் நீங்கள் வழக்கமாக அடிக்கும் கடவுச்சொல் இங்கே செல்லாது. தனிநபர் கணக்குகளுக்கு 2022 மே 30-ஓடு கூகுள் அந்த வழியை மூடிவிட்டது. கணக்கில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்றை உருவாக்க வேண்டும். அது 16 எழுத்து. திரையில் நான்கு நான்காக, நடுவே இடைவெளியோடு காட்டும். அதை மேற்கோள்குறி இல்லாமல் அப்படியே ஒட்டினால், முதல் நான்கு எழுத்துதான் கடவுச்சொல் என்று நியோமட் எடுத்துக்கொள்ளும். மீதி மூன்று துண்டையும் வேறு அமைப்புகளின் பெயர் என்று நினைத்து, அப்படி ஒரு அமைப்பே இல்லை என்று பிழை சொல்லும். இடைவெளிகளை நீக்கிவிட்டு ஒற்றை மேற்கோள்குறிக்குள் போடுங்கள். வேறு சேவைகளின் கடவுச்சொல்லில் டாலர் குறியோ ஹேஷ் குறியோ இருந்தாலும் ஒற்றை மேற்கோளே பாதுகாப்பு. இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறி வந்தால், அடுத்து வருவதை ஒரு மாறியின் பெயராக எண்ணி அதன் மதிப்பைப் போடப் பார்க்கும்.

சர்வர் சொல்லும் பிழையை முழுதாகப் படியுங்கள். 'அப்ளிகேஷன் ஸ்பெசிஃபிக் பாஸ்வேர்ட் ரிக்வயர்ட்' என்று வந்தால் நீங்கள் பழைய கடவுச்சொல்லையே கொடுக்கிறீர்கள். 'இன்வேலிட் கிரெடென்ஷியல்ஸ்' என்று வந்தால் எழுத்துப்பிழை, அல்லது அந்த ஆப் பாஸ்வேர்டு இப்போது உயிரோடு இல்லை. கூகுள் கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகிவிடும். நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 'நோ ஆதென்டிகேட்டர்ஸ் அவைலபிள்' என்று வந்தால் உங்கள் கடவுச்சொல்லில் குறையே இல்லை. டெபியனில் 'லிப்சாசல்2-மாட்யூல்ஸ்' என்ற பொதியை நிறுவினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்தக் கோப்பை உங்களைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி 600 என்று அனுமதி வையுங்கள். இன்னும் நல்ல வழி, கடவுச்சொல்லை ஜிபிஜி என்ற மறையாக்க நிரலால் பூட்டிய தனிக் கோப்பில் வைத்து, நியோமட் திறக்கும்போது அதை வாங்கிக்கொள்ளச் செய்வது. அமைப்புக் கோப்பைப் பெருமையாக கிட்ஹப்பில் ஏற்றும் வழக்கம் பரவியிருக்கிறது. கடவுச்சொல்லோடு சேர்த்து ஏற்றிவிட்டால் பிறகு அழித்துப் பயனில்லை, பழைய பதிப்பில் அது இருந்துகொண்டே இருக்கும்.

அவுட்லுக் கணக்கு வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அங்கே ஆப் பாஸ்வேர்டு வழி இப்போது இல்லை. 2024 செப்டம்பர் முதல் தனிநபர் அவுட்லுக் கணக்குகளுக்கும் ஓஆத்2 (கடவுச்சொல்லுக்குப் பதில் டோக்கன் என்ற தற்காலிகச் சாவியால் நுழையும் முறை) கட்டாயம். நியோமட்டுக்கு முன்னோடியான மட் நிரலோடு வரும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் டோக்கனை வாங்கித் தரும். ஆனால் அலுவலகக் கணக்கு என்றால் நிர்வாகி அனுமதிக்க வேண்டும். அவர் மறுத்தால் நம் பக்கத்தில் செய்ய ஒன்றுமில்லை.

அனுப்புவதில் ஒரு இடத்தில்தான் தடுமாற்றம் வரும், அதுவும் போர்ட் எண்ணில். 465 என்றால் முகவரி 'எஸ்எம்டிபிஎஸ்' என்று தொடங்க வேண்டும், இணைப்பு முதல் நொடியிலிருந்தே மறையாக்கத்தில் இருக்கும். 587 என்றால் வெறும் 'எஸ்எம்டிபி'. மறையாக்கம் இல்லாமல் தொடங்கி, ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற கட்டளையைச் சொல்லி மறையாக்கத்துக்கு மாறும். எஸ் இல்லாமல் 465-ஐத் தட்டினால் திரை அப்படியே உறைந்து நிற்கும். சர்வர் முதலில் வணக்கம் சொல்லட்டும் என்று நியோமட் காத்திருக்கும். நியோமட் மறையாக்கத்தைத் தொடங்கட்டும் என்று சர்வர் காத்திருக்கும். எஸ் போட்டு 587-க்குப் போனால் டிஎல்எஸ் (மறையாக்க) பிழை உடனே வரும். அதே ஆப் பாஸ்வேர்டை 'எஸ்எம்டிபி பாஸ்' என்ற அமைப்பிலும் கொடுங்கள். 'ஃப்ரம்' அமைப்பில் உங்கள் முகவரியை எழுத மறக்காதீர்கள், இல்லாவிட்டால் லினக்ஸ் பயனர்பெயரும் கணினிப் பெயரும் சேர்ந்த ஒன்று அனுப்புநராகப் போகும்.

அனுப்பிய கடிதம் இரண்டாகச் சேர்வதற்குக் காரணம் எளிது. ஜிமெயில் தன் எஸ்எம்டிபி வழியாகப் போகும் எதையும் தானே அனுப்பியவற்றில் சேமித்துக்கொள்ளும். நீங்கள் எடுத்த கோப்பில் 'ரெக்கார்ட்' அமைப்பும் இருந்திருக்கும், நியோமட்டும் ஒரு பிரதியைப் போடுகிறது. ரெக்கார்டை வெறுமையாக்கிவிடுங்கள். பெரும்பாலான மற்ற சர்வர்கள் தாமாகச் சேமிப்பதில்லை. அங்கே ரெக்கார்ட் இல்லாவிட்டால் அனுப்பியதற்குத் தடயமே இருக்காது.

இங்கே ஜிமெயிலைத் தமிழில் வைத்திருப்பவர்களுக்கு வரும் ஒரு சிக்கல் உண்டு. ஜிமெயிலின் மொழியைத் தமிழ் என்று வைத்திருந்தால், வரைவு, அனுப்பியவை போன்ற ஃபோல்டர்களின் பெயர்கள் ஐமேப் வழியாகவும் தமிழிலேயே வரும். அமைப்புக் கோப்பில் 'டிராஃப்ட்ஸ்' என்று ஆங்கிலப் பெயர் இருந்தால், அப்படி ஒன்று இல்லையே, உருவாக்கவா என்று நியோமட் கேட்கும். ஆம் என்று சொல்லிவிட்டால் உங்கள் கணக்கில் வீணாக ஒரு லேபிள் முளைக்கும். நியோமட்டில் 'சி' விசையை அழுத்தி, பிறகு கேள்விக்குறியை அழுத்தினால் சர்வரில் இருக்கும் பெயர்கள் வரும். அங்கே என்ன இருக்கிறதோ அதையே எழுதுங்கள். அல்லது ஜிமெயிலின் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள், கடிதத்தின் தமிழுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இனி பின்சாய்கோடும் எண்களும். நீங்கள் பார்ப்பது 340 256, 340 257 என்று திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் உங்கள் கடிதம் பழுதில்லாமல் வந்திருக்கிறது. யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ('கொ' போன்றவை இரண்டு குறி) யூடிஎஃப்-8 வடிவில் மூன்று பைட். முதல் பைட் எட்டடிமான எண்ணில் (0 முதல் 7 வரையான இலக்கங்களால் எழுதுவது) எப்போதும் 340, இரண்டாவது 256 அல்லது 257. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். 'அ' என்பது 340 256 205. இந்த பைட்டுகளை எழுத்தாகக் காட்ட உங்கள் லொகேல் (கணினியின் மொழி, எழுத்துக்குறியாக்க அமைப்பு) அனுமதிக்கவில்லை, அவ்வளவுதான்.

டெர்மினலில் 'லொகேல் சார்மேப்' என்று அடித்துப் பாருங்கள். யூடிஎஃப்-8 என்று வர வேண்டும். 'ஏஎன்எஸ்ஐ எக்ஸ்3.4-1968' என்று வந்தால் அது வெறும் ஆஸ்கி, ஆங்கில எழுத்துகள் மட்டும் உள்ள குறியாக்கம். 'டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லொகேல்ஸ்' கட்டளையை ரூட் அனுமதியோடு ஓட்டி, இந்திய ஆங்கிலமோ இந்தியத் தமிழோ, யூடிஎஃப்-8 உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுத்து இயல்பாக்குங்கள். வெளியேறி மீண்டும் நுழைந்த பிறகுதான் மாறும். அப்போதும் மாறவில்லை என்றால் 'எல்சி ஆல்' என்ற மாறி எங்காவது அமைந்திருக்கிறதா பாருங்கள், மற்ற எல்லாவற்றையும் அது அடக்கிவிடும்.

நீங்கள் எடுத்த கோப்பில் 'சார்செட்' (எழுத்துக்குறியாக்கம்) என்ற அமைப்பு யூடிஎஃப்-8 என்று கையால் எழுதப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதை நீக்கிவிடுங்கள். லொகேல் சரியாக இருந்தால் நியோமட் தானே கண்டுகொள்ளும். லொகேல் தவறாக இருக்கும்போது அந்த வரியைப் போட்டால்தான் இப்படி எண்கள் கொட்டும். அந்த வரி இல்லாவிட்டால் கேள்விக்குறிகளாக வந்திருக்கும். 'சென்ட் சார்செட்'டையும் தொடாதீர்கள், தமிழ் இருந்தால் அது தானாகவே யூடிஎஃப்-8-ஐத் தேர்ந்துகொள்ளும்.

எண்கள் போய்த் தமிழ் வந்த பிறகும், கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் நிற்கலாம். டெர்மினல் ஒவ்வொரு குறியையும் ஒரு கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கிறது. 'கொ' போன்ற எழுத்தில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும், அது கட்டக் கணக்குக்குள் அடங்காது. நியோமட்டில் எதை மாற்றியும் இதைத் தீர்க்க முடியாது. டெர்மினலை மாற்றிப் பார்க்க வேண்டும். பன்மொழிக்கென்றே எழுதப்பட்ட எம்எல்டெர்ம் இந்திய எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும். கேடிஇயின் கான்சோல் என்ற டெர்மினலும் ஓரளவு நன்றாகக் காட்டுகிறது. நீங்கள் மெய்ப்புத் திருத்துபவர், ஒற்றுப்பிழையைக் கண்ணால் பிடிக்க வேண்டும். ஆகவே எம்எல்டெர்மைச் சற்று மெனக்கெட்டு அமைத்துக்கொள்வது உங்களுக்கு வீண்போகாது. வரிகளின் வலது ஓரம் சில இடங்களில் கோணலாக நிற்கும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எச்டிஎம்எல் கடிதங்களுக்கு எந்த வகைக் கோப்பை எந்த நிரல் திறக்கும் என்று குறிக்கும் மெயில்கேப் கோப்பில், டெர்மினல் பிரவுசரான டபிள்யூ3எம்மைச் சொல்லிவிட்டு, 'ஆட்டோ வியூ' கட்டளையில் எச்டிஎம்எல்லைச் சேர்த்தால் போதும். கடிதத்தின் எழுத்துக்குறியாக்கத்தையும் டபிள்யூ3எம்முக்குச் சேர்த்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் சிதையும்.

பழைய கடிதங்கள்தான் எனக்குப் பிடித்த பகுதி. அந்தக் காலத்தில் யூனிகோடு பரவலாகவில்லை. இணையத் தமிழர்கள் பலர் டிஸ்கி குறியாக்கத்தில் எழுதினார்கள். ஆனால் கடிதத்தின் தலைப்பில் டிஸ்கி என்று குறிப்பிடாமல், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான ஐஎஸ்ஓ-8859-1 என்றோ 'எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட்' என்றோதான் அப்போதைய நிரல்கள் எழுதின. அதனால்தான் இன்று திறந்தால் மேலே புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வருகின்றன. நல்ல செய்தி என்னவென்றால், லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்துக்கு டிஸ்கி தெரியும். குறியாக்கத்தை மாற்றும் 'ஐகான்வ்' கட்டளையின் பட்டியலில் தேடிப் பாருங்கள், இருக்கும்.

அந்தக் கோப்பை முதலில் ஒரு பிரதி எடுங்கள். பிறகு கழித்தல் குறியோடு பெரிய ஆர் போட்டு, எழுத முடியாத நிலையில் நியோமட்டில் திறங்கள். ஒரு கடிதத்தில் நின்று கண்ட்ரோல்-இ அழுத்தினால் அதன் வகை கீழே வரும். அங்கே சார்செட் என்ற இடத்தில் டிஸ்கி என்று மாற்றி என்டர் தட்டுங்கள். வரிகள் தமிழாக மாறினால் உங்கள் ஊகம் சரி. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்: பழைய கடிதங்களுக்கென்று தனி அமைப்புக் கோப்பு வைத்து, 'சார்செட்-ஹூக்' மூலம் அந்த இரண்டு பெயரையும் டிஸ்கிக்குத் திருப்பிவிடுங்கள். கழித்தல் குறியும் பெரிய எஃப்பும் போட்டு அந்தக் கோப்போடு திறக்கலாம். உங்கள் அன்றாடக் கோப்பில் இதைப் போடாதீர்கள். ஐஎஸ்ஓ-8859-1 என்று நேர்மையாகவே குறித்து வரும் பிரெஞ்சு, ஜெர்மன் கடிதங்களின் உச்சரிப்புக்குறி எழுத்துகள் எல்லாம் தமிழாக மாறித் தெரியும்.

கண்ட்ரோல்-இக்கு மசியாத கடிதங்கள் சில இருக்கும். வெறும் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் தாறுமாறாகக் கலந்து தெரிந்தால் அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவாக இருக்கலாம். இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் வந்த கடிதங்களில் அது மிகுதி. பாமினி எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் ஆங்கில விசைகளின் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஆகவே கணினிக்கு அது சுத்தமான ஆஸ்கி, எந்த சார்செட்டைச் சொன்னாலும் மாறாது. அந்தக் கடிதத்தில் நின்று செங்குத்துக் கோட்டு விசையை அழுத்தினால், அதை வேறொரு நிரலுக்கு அனுப்பலாம். பாமினியை யூனிகோடாக மாற்றும் ஸ்கிரிப்ட் ஒன்று கையில் இருந்தால் அங்கே அதன் பெயரைக் கொடுங்கள். டேப், டேம் என்ற பழைய தமிழ்க் குறியாக்கங்களில் உள்ளவற்றுக்கும் இதே வழிதான், ஐகான்வுக்கு அவை தெரியாது.