முதலை நிஜம், நிழலும் நிஜம்

பத்தாவது படிக்கும் என் மகன், செல்போனில் எதைக் காட்டினாலும் "ஃபேக்மா" என்று தள்ளிவிடுகிறான். இது நல்ல பழக்கம்தானே? (ஒரு தாய், திருச்சி)

பாதி நல்லது. எல்லாவற்றையும் நம்புகிறவரும் சரி, எதையுமே நம்பாதவரும் சரி, தேடிப் பார்ப்பதில்லை. 2015 சென்னை வெள்ளத்தின்போது, பக்கத்து வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டதாக வாட்ஸ்அப்பில் பரவியது. பண்ணைக்காரர்களே மறுத்தார்கள். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. பெருங்களத்தூர்ப் பக்கம் இரவில் ஒரு முதலை சாலையைக் கடக்கிற வீடியோ வந்தது. அதே பழைய கதை என்று நானும் சிரித்தேன். ஆனால் சென்னை நீர்நிலைகள் சிலவற்றில் முதலைகள் இருக்கின்றன, மழைநீர் பெருகியதால் வெளியே வந்திருக்கிறது என்று வனத்துறைச் செயலாளரே சொன்னார்.

வீடியோவை நிறுத்தி, தெளிவான ஒரு காட்சியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போடச் சொல்லுங்கள். அதே காட்சி சில வருடங்களுக்கு முன்பே வேறு ஊர் பெயரில் வந்திருந்தால் கதை முடிந்தது. ஒன்றும் அகப்படவில்லை என்பதற்காக உண்மை என்று ஆகிவிடாது. அப்புறம், இதைச் சொல்லவேண்டிய பொறுப்பில் இருப்பவர் என்ன சொன்னார் என்று பார்க்க வேண்டும். முதலைக்கு வனத்துறை, மழை விடுமுறைக்கு மாவட்ட ஆட்சியர். (விடுமுறைச் செய்தியை மட்டும் எந்தப் பையனும் ஃபேக் என்று சொல்வதில்லை, கவனித்தீர்களா?)

தீபாவளி இரவில் நாசா எடுத்த இந்தியப் படம் என்று தாத்தா வருடாவருடம் குடும்பக் குரூப்பில் போடுகிறார். பொய் என்று எப்படிச் சொல்வது? (கல்லூரி மாணவி, மதுரை)

அது ஓர் இரவில் எடுத்த படமே இல்லை. 1992 முதல் 2003 வரை எடுத்த செயற்கைக்கோள் தரவுகளைச் சேர்த்து, எந்தெந்த ஊரில் விளக்கு வெளிச்சம் எப்போது கூடியது என்று வண்ணம் பூசிக் காட்டிய வரைபடம். நாசாவே 2012-இல் தீபாவளி சமயத்தில் எடுத்த உண்மையான இரவுப் படத்தை வெளியிட்டது. அதில் வாணவேடிக்கை ஒன்றும் தெரியாது.

குரூப்பில் மறுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "தாத்தா, இந்த நிறமெல்லாம் என்னன்னு தெரியுமா?" என்று இரண்டு படத்தையும் காட்டுங்கள். அடுத்த தீபாவளிக்கு அவரே ஊருக்கெல்லாம் விளக்குவார்.

அசைன்மென்ட்டுக்கு சாட்ஜிபிடி தரும் மேற்கோள்களை அப்படியே போடலாமா? (கோவை)

கூடாது. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் அது தந்த தீர்ப்புகளை நீதிமன்றத்தில் கொடுத்தார்கள். அப்படித் தீர்ப்புகளே இல்லை. 5,000 டாலர் அபராதம்.

எங்கள் ஊர்க் கோயில்களைப் பற்றி யூடியூப் சேனல் தொடங்குகிறேன். நம்பும்படி செய்ய என்ன வழி? (தஞ்சாவூர்)

உங்கள் ஊரிலேயே பாடம் இருக்கிறதே! பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எத்தனை வீடியோக்கள்! ஒரு மாலை வெயிலில் போய் நின்று பாருங்கள், நிழல் நீளமாகத் தரையில் கிடக்கும். அதைப் படமெடுங்கள், எத்தனை மணிக்கு எடுத்தது என்று திரையில் போடுங்கள். உங்கள் முதல் வீடியோ அதுவாகவே இருக்கட்டும்.

கல்வெட்டு என்றால், "ஒரு கல்வெட்டு சொல்கிறது" என்று பொத்தாம்பொதுவாகப் பேசாதீர்கள். "தென்னிந்தியக் கல்வெட்டுகள்" (South Indian Inscriptions) நூல் வரிசையில் எத்தனையாவது தொகுதி, எந்த எண் என்று கீழே எழுதுங்கள். பெரிய கோயில் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. அர்ச்சகர் சொன்னதை "அர்ச்சகர் சொன்னார்" என்றே சொல்லுங்கள், அதுவும் நல்ல தகவல்தான், ஆனால் வேறு வகைத் தகவல். அடுத்தவர் எடுத்த படத்துக்கு அனுமதி கேளுங்கள்.

பிழை வரும், வராமல் இருக்காது. வந்தால் வீடியோவைச் சத்தமில்லாமல் தூக்கிவிடாமல், எத்தனையாவது நிமிடத்தில் என்ன தவறு என்று கமென்ட்டில் எழுதி, அது முதலில் தெரியும்படி 'பின்' (pin) செய்துவிடுங்கள்.