வாசகர் கேள்வி – பதில்: காட்டிலிருந்து மேய்ச்சல் நிலத்துக்கு

கேள்வி: போர் முடிந்தது தெரியாமல் பிலிப்பைன்ஸ் காட்டில் 29 ஆண்டுகள் ஒளிந்திருந்த ஜப்பானிய வீரர், பின்னர் விவசாயியாகி ஊர்ப் பெரியவராகவும் விளங்கினார் என்று என் தாத்தா சொல்வார். இது உண்மையா? – வாசகர், மன்னார்குடி

பதில்: உண்மைதான், ‘தெரியாமல்’ என்பதை மட்டும் சற்றுத் திருத்த வேண்டும். சரணடையவும் கூடாது, உயிரை மாய்த்துக்கொள்ளவும் கூடாது என்ற கட்டளையுடன் 1944 டிசம்பரில் லுபாங் தீவுக்கு அனுப்பப்பட்ட ஹிரூ ஒனோடா, இரண்டாம் உலகப் போர் முடிந்ததாக அறிவித்த துண்டறிக்கைகளைப் படித்தும், அவை எதிரியின் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிட்டார். 1959இல் அவர் இறந்துவிட்டதாகவே ஜப்பானில் அறிவிக்கப்பட்டது. போருக்குப்பின் புத்தக வியாபாரியாகிவிட்ட அவருடைய பழைய மேலதிகாரி மேஜர் தனிகுச்சி 1974 மார்ச்சில் நேரில் சென்று, பணியிலிருந்து விடுவிக்கும் உத்தரவை வாசித்த பிறகே அவர் துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

ஊர் திரும்பியவருக்குக் கிடைத்த வரவேற்பும் விளம்பரமும் அவருக்கு ஒத்துவரவில்லை. தாம் விட்டுச்சென்ற ஜப்பானையும் அங்கே அவரால் காண முடியவில்லை. அண்ணன் ததாவோ முன்பே பிரேசிலில் குடியேறியிருந்ததால், 1975 ஏப்ரலில், 53 வயதில், அவரும் அங்கே போய்ச் சேர்ந்தார். 1908இல் ‘கசாதோ மாரு’ கப்பலில் சாந்தோஸ் துறைமுகத்தில் இறங்கிக் காப்பித் தோட்டக் கூலிகளாக வாழ்க்கையைத் தொடங்கிய ஜப்பானியரின் வழித்தோன்றல்கள் பெருகியிருந்த நாடு அது. மதோ குரோசோ டூ சூல் பகுதியில், தெரெனோஸ் என்ற ஊரை அடுத்த ஜமிக் என்ற ஜப்பானியர் குடியேற்றத்தில், புதர்க்காட்டைத் திருத்தி மேய்ச்சல் நிலமாக்கி, கறிமாடு வளர்க்கும் பண்ணை ஒன்றை உருவாக்கினார். மறு ஆண்டு திருமணமும் நடந்தது. மச்சியே என்ற பெயருடைய அவர் மனைவி அந்தப் பண்ணை வாழ்வில் சரிபாதியாக நின்றார். அங்கிருந்த ஜப்பானியக் குடும்பங்களின் பொதுக்காரியங்களை முன்னின்று நடத்தும் பொறுப்பும் நாளடைவில் ஒனோடாவிடம் வந்து சேர்ந்தது. பிரேசில் விமானப்படை தம் நிலத்தில் பயிற்சி செய்துகொள்ள அவர் இடம் கொடுத்திருந்தார் என்பது, படைவாசனை அவரை முற்றிலும் விட்டுவிடவில்லை என்பதைக் காட்டுகிறது.

1980இல் ஜப்பானிய இளைஞன் ஒருவன் பெற்றோரைக் கொன்ற செய்தியைப் படித்து மனம் கலங்கியவர், 1984இல் தாய்நாடு திரும்பிச் சிறுவர்களுக்கான இயற்கைப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதன் பிறகும் ஆண்டில் சில மாதங்களைப் பண்ணையிலேயே கழித்தார். 2014 ஜனவரியில், 91 வயதில், டோக்கியோவில் காலமானார்.

கேள்வி: லுபாங் மக்களுக்கு அவர் என்ன ஈடு செய்தார்? – வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. ஒனோடாவும் அவருடன் ஒளிந்திருந்த தோழர்களும் தீவில் வயிறு வளர்த்ததில், அவ்வூர் விவசாயிகளின் மாடுகளைச் சுட்டு, இறைச்சியை உலர்த்தி வைத்துக்கொண்டதும் அடங்கும். தாங்கள் உயிரோடிருப்பதைத் தம் படைக்கு உணர்த்துவதற்காக, அறுவடை செய்து குவித்திருந்த நெல்லுக்குத் தீ வைப்பதும் அவர்களுடைய வழக்கம். கடைசித் தோழர் கொசுகா 1972 அக்டோபரில் போலீஸ் குண்டுக்குப் பலியானது அப்படி நெல்லைக் கொளுத்தப் போன இடத்தில்தான். இத்தனை ஆண்டுகளில் தீவுவாசிகள் சுமார் 30 பேர் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. போர் நடப்பதாக நம்பியவர் என்ற காரணத்தால் பிலிப்பைன்ஸ் குடியரசுத் தலைவர் மார்கோஸ் அவரை மன்னித்துவிட்டார். மன்னித்தவரோ தம் மாட்டையோ மகனையோ இழந்தவர் அல்லர்.

ஜப்பான் அரசு தர முன்வந்த நிலுவைச் சம்பளத்தை ஒனோடா மறுத்தார். அன்பர்கள் வற்புறுத்தித் தந்த பணத்தையும் போரில் மாண்டவர்களுக்கான யாசுகுனி ஆலயத்துக்கே அளித்தார். அதை நேர்மை என்று பாராட்டுவோர் பலர். ஆயினும் அந்தத் தொகையில் ஒரு பங்காவது லுபாங்கின் களத்துமேடுகளுக்குப் போயிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1996இல் அத்தீவுக்கு மீண்டும் சென்றபோது, அங்குள்ள பள்ளி ஒன்றுக்கு 10,000 டாலர் நன்கொடை அளித்தார்.