எரிக்கை ஏன் விட்டாள் சூக்கி?

கேள்வி: சார்லெய்ன் ஹாரிஸின் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் வரிசையில் 13 நாவல்களையும் ஒரே மூச்சில் படித்தேன். கடைசிப் புத்தகமான 'டெட் எவர் ஆஃப்டர்' எரிச்சலைத்தான் கிளப்பியது. ஆயிரம் வயது ரத்தக்காட்டேரி எரிக்கை அனுப்பிவிட்டு, எங்கிருந்தோ வந்த பார் முதலாளி சாமோடு சூக்கியைச் சேர்த்தது வாசகர்களுக்குச் செய்த துரோகம் இல்லையா?
– பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பவர்

பதில்: எங்கிருந்தோ வந்தவனா? முதல் புத்தகத்தை மறுபடி எடுங்கள். (இந்த வரிசையைப் படிக்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடலாம். நான் எதையும் மறைக்கப் போவதில்லை.)

2001இல் வந்த அந்த நாவலில் ஒரு தெருநாயைச் சூக்கி வீட்டுக்குள் விட்டுப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்கிறாள். கண் விழித்தால் கட்டிலில் கிடப்பது அவளுடைய முதலாளி சாம்! உருமாறுகிற பிறவி என்று அன்றுதான் தெரிகிறது. ஹாரிஸ் ரத்தக்காட்டேரிப் பக்கம் வருவதற்கு முன்பே துப்பறியும் கதைகள் எழுதிக்கொண்டிருந்தவர். துப்பைக் கண்ணெதிரே போட்டுவிட்டு வேறு பக்கம் பார்க்க வைப்பது அவருக்குக் கைவந்த கலை. நீங்கள் எரிக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டீர்கள்.

சூக்கியின் பாடு என்ன? லூசியானாவில் பான் டெம்ப்ஸ் என்ற கற்பனைச் சிற்றூரில், சாமின் பாரில் சர்வர் வேலை. அங்கே குடிக்க வருகிறவன் ஒவ்வொருவனும் மனசுக்குள் நினைப்பதெல்லாம் அவளுக்குக் கேட்கும். ஆசையாக ஒருத்தனோடு வெளியே போனாலும் அவன் உள்ளே நினைப்பது கேட்டுத் தொலைக்கும். ரத்தக்காட்டேரிகளின் மனசு மட்டும் கேட்காது. முதல் காதலனான ரத்தக்காட்டேரி பில் காம்ப்டனிடம் அவளை இழுத்ததும் அந்த நிசப்தம்தான். எரிக்கிடமும் அது கிடைத்தது. நாம் பெருங்காதல் என்று உருகியதில் பாதி, இரைச்சலில் வாழ்கிறவளுக்குக் கிடைத்த ஓய்வு.

அப்புறம், அவளுக்கு வெயில் பிடிக்கும். வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு வெயில் காய்வதுதான் அவளுடைய ஆடம்பரம். பகலில் தலைகாட்ட முடியாதவனோடு எத்தனை நாள் ஓட்டுவாள்? தானும் ரத்தக்காட்டேரியாக மாட்டேன் என்பதில் அவள் அசையவே இல்லை.

12ஆவது நாவலில் மிச்சத்தையும் போட்டு உடைத்துவிட்டார் ஆசிரியர். பாட்டியின் பழைய மேசையில் கிடைத்த, ஒரே ஒரு வரம் தரும் மந்திரப் பொருள் சூக்கியின் கையில் இருக்கிறது. ஓக்லஹோமாவின் ரத்தக்காட்டேரி ராணியோடு நிச்சயமாகிவிட்ட ஒப்பந்தக் கல்யாணத்திலிருந்து தன்னை அது மீட்கும் என்று எரிக் நம்பியிருக்கிறான். சூக்கியோ செத்துக்கொண்டிருந்த சாமைப் பிழைக்க வைக்க அதைச் செலவழித்துவிடுகிறாள். இது 2012இல். ஒரு வருடம் கழித்து வந்த முடிவில் என்ன அதிர்ச்சி?

ஆனால் ஒன்று, கடைசிப் புத்தகம் நல்ல புத்தகம் என்று நான் சொல்லவில்லை. பழைய பகைவர்களெல்லாம் பாக்கி வசூலிக்க வந்தவர்கள் மாதிரி வரிசையாக வருகிறார்கள். 12 நாவல்களாகச் சூக்கியின் வாயால் கேட்டுப் பழகிய கதைக்குள் திடீரென்று வில்லன்களின் பக்கமிருந்து துண்டுத் துண்டாகக் காட்சிகள். எரிக்கின் விடைபெறலில் உயிரே இல்லை. அத்தனை வருடம் வாசகர்களைக் கட்டிப்போட்டவனை இன்னும் கொஞ்சம் மரியாதையாக வழியனுப்பியிருக்கலாம். கோபப்படுவதானால் அதற்குப் படுங்கள், உங்கள் பக்கம் நிற்கிறேன்.

2013 மே மாதத்தில் உங்களைவிடக் கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். புத்தகம் கடைக்கு வரும் முன்பே முடிவு கசிந்துவிட, பலர் ஒற்றை நட்சத்திரமாகக் குத்தித் தள்ளினார்கள். ஆசிரியருக்கு மிரட்டல்கூட வந்தது. ஒரு சர்வர் பெண் யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்பதற்காக! அதே வருடம் 'ஆஃப்டர் டெட்' என்று இன்னொரு சின்னப் புத்தகம் போட்டு, யார் யார் பின்னால் என்ன ஆனார்கள் என்று அகராதி மாதிரி சொல்லிவைத்தார் ஹாரிஸ். அது தேவையே இல்லை என்பது என் எண்ணம்.

உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இதே கதையை வைத்து எடுத்த 'ட்ரூ பிளட்' தொலைக்காட்சித் தொடர் 2014இல் முடிந்தபோது, அதன் கடைசிக் காட்சியில் கர்ப்பிணி சூக்கி விருந்து மேசையில் புருஷனோடு உட்கார்ந்திருப்பாள். அவன் யாரென்று சொல்ல மாட்டார்கள், முகத்தையும் காட்ட மாட்டார்கள். அங்கே எரிக்கை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். விருந்து நடப்பதும் இரவில்தான், வெயில் தொந்தரவு இல்லை.