அகாடமியில் இடம் போன மகன் கோச் ஆக முடியுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பள்ளித் தேர்வை முடித்த மகனை ரக்பி அகாடமி தொடர்ந்து வைத்துக்கொள்ளவில்லை, அவனோ கோச் ஆகப்போவதாகச் சொல்கிறான் என்று வேல்ஸின் லனெல்லியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். ஆடவே இடம் கிடைக்காதவனிடம் யார் வந்து கற்றுக்கொள்வார்கள் என்பது உங்கள் கணவரின் கேள்வி.

அதற்குப் பதில் உங்கள் ஊர்ப்பக்கத்திலேயே இருக்கிறது. கார்வின் ஜேம்ஸ், 1929இல் கெவ்னைதின் கிராமத்தில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். லனெல்லி அணியின் நல்ல ஃப்ளை ஹாஃப், அதாவது பின்கள ஆட்டத்தை நடத்துபவர். ஆனால் அதே காலத்தில் வேல்ஸ் அணியில் அதே இடத்தில் க்ளிஃப் மோர்கன் என்ற நட்சத்திர ஆட்டக்காரர் இருந்தார். அதனால் வேல்ஸ் அணிக்காக கார்வின் ஆடியது இரண்டே ஆட்டம், இரண்டும் 1958இல். அதிலும் ஒன்றில் அவருக்கு வழக்கமில்லாத சென்டர் என்ற இடத்தில் நிறுத்தினார்கள்.

அவருக்குச் சோறு போட்டது வாத்தியார் வேலை. அபெரிஸ்ட்வித்தில் வெல்ஷ் மொழி படித்தார். லண்டவரி கல்லூரியில் பாடமும் நடத்தினார், பையன்களுக்கு ரக்பியும் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் கார்மார்தன் டிரினிட்டி கல்லூரியில் விரிவுரையாளர். இப்படிப்பட்டவரைத்தான் 1971இல் பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் கூட்டு அணியான லயன்ஸுக்குப் பயிற்சியாளராக நியூசிலாந்து அனுப்பினார்கள். அந்தத் தொடரில் லயன்ஸ் இரண்டு டெஸ்ட் வென்று, ஒன்றில் தோற்று, ஒன்றை டிரா செய்தது. நியூசிலாந்து மண்ணில் லயன்ஸ் தொடரைக் கைப்பற்றியது இன்றுவரை அந்த ஒரு முறைதான்.

அவர் வேலை செய்த விதத்தை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். கார்வின் பின்கள ஆட்டக்காரர். முன்கள ஆட்டக்காரர்கள் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மின் நுணுக்கம், அதன் முன்வரிசையில் நிற்கும் ரே மக்லாக்லின் என்ற அயர்லாந்து ப்ராப்புக்குத் தன்னைவிட நன்றாகத் தெரியும் என்று உணர்ந்து, முன்கள ஆட்டக்காரர்களின் பயிற்சியில் அவர் யோசனையைக் கேட்டு நடந்தார். தெரிந்தவரிடம் கேட்பதற்கு அவர் கூச்சப்படவில்லை. நல்ல வாத்தியாருக்கு இருக்கும் இந்தக் குணத்துக்கும் எத்தனை சர்வதேச ஆட்டம் ஆடினார் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த வருடம், 1972 அக்டோபர் 31 அன்று, தன் சொந்த மைதானமான ஸ்ட்ராடி பார்க்கில் லனெல்லி 9-3 என்று நியூசிலாந்து தேசிய அணியான ஆல் பிளாக்ஸைத் தோற்கடித்ததும் கார்வின் பயிற்சியில்தான்.

இவ்வளவு செய்தும், வேல்ஸ் தேசிய அணியின் கோச் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. அணித் தேர்வில் தனக்கு அதிகாரம் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். 1974இல் அந்தப் பதவிக்கான போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். பின்னர் இத்தாலிக்குப் போய் ரொவிகோ அணியைச் சாம்பியனாக்கினார். மகனை நினைத்தால் எனக்குக் கவலை தருவது இதுதான்: திறமை இருந்தும் பதவி கைக்கு வராமல் போகலாம். ரக்பி 1995இல் தொழில்முறை ஆட்டமாகிவிட்டது, சம்பளமும் உண்டு. ஆனால் வேல்ஸில் அந்த மட்டத்தில் இருக்கும் ஆண்கள் அணிகள் நான்கே, அதையும் குறைக்கும் பேச்சு நடக்கிறது.

ஆகவே கோச் ஆசையைத் தடுக்க வேண்டாம், அதை மட்டுமே நம்பவும் வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் படிப்பில் அவனுக்கு உண்மையில் பிடித்த பாடம் ஒன்றாவது இருக்கட்டும். உயிரியலோ வரலாறோ, எதுவானாலும் சரி. உடற்கல்வியும் சேர்த்து எடுக்கலாம். பிறகு கார்டிஃப் மெட் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுப் பயிற்சி தொடர்பான பட்டப்படிப்பு இருக்கிறது. பட்டத்துக்குப் பின் ஆசிரியர் பயிற்சியும் முடித்துவிட்டால், எந்த அணி கைவிட்டாலும் ஒரு பள்ளி அவனுக்குச் சம்பளம் கொடுக்கும், மைதானமும் கொடுக்கும்.

மைக் ரட்டக்கையும் அவனுக்குச் சொல்லுங்கள். வேலையிடத்தில் நடந்த விபத்தால் ஆட்டத்தை விட்டவர், வேல்ஸுக்காக ஒருமுறைகூட ஆடாதவர். 2005இல் ஆறு நாடுகள் போட்டியின் எல்லா ஆட்டங்களையும் ஜெயித்து வேல்ஸ் கிராண்ட் ஸ்லாம் வென்றபோது கோச் அவர்தான்.

இந்த வாரமே ஊர் கிளப்பின் சிறுவர் பிரிவுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில் உதவியாளாக நிற்கலாமா என்று அவனே கேட்கட்டும். நீங்கள் கூடப் போக வேண்டாம். வெல்ஷ் ரக்பி யூனியனின் ஆரம்பநிலைப் பயிற்சியாளர் வகுப்பில் சேர என்ன வயது வேண்டும் என்பதையும் அங்கேயே விசாரிக்கச் சொல்லுங்கள். மழையில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பந்தைக் கடத்தச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, அடுத்த வாரமும் தானாகக் கிளம்புகிறானா என்று பாருங்கள். கிளம்பினால் எனக்கு எழுதுங்கள். ஏ லெவல் பாடங்களைச் சேர்ந்து முடிவு செய்வோம்.