இணையம் இருக்க வானொலி எதற்கு? – கேள்வி பதில்

கேள்வி: பாட்டும் செய்தியும் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது வானொலிக்கு இன்னும் வேலை இருக்கிறதா?

பதில்: பாட்டுக்காக மட்டும் என்றால், பெரிதாக இல்லை. விரும்பிய பாடலை விரும்பிய நேரத்தில் கேட்கும் வசதி வந்த பிறகு, அதே பாடல்களைச் சுழற்றி நடுவே விளம்பரத்தை நுழைக்கும் நிலையங்களை நேயர்கள் கைவிடுவதில் வியப்பில்லை. வானொலியின் பலம் அது பரவும் முறையில் இருக்கிறது. இணையத்தில் ஆயிரம் பேர் கேட்டால் ஆயிரம் தனி இணைப்புகள் வேண்டும். ஒலிபரப்புக் கருவியோ பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் ஒரே அளவு மின்சாரத்தையே செலவிடுகிறது. கேட்பவருக்கு டேட்டாவும் தேவையில்லை.

கேள்வி: புயல் நேரத்தில் ரேடியோ கேட்கச் சொல்வது பழைய காலத்து அறிவுரைதானே?

பதில்: இன்றைக்கும் பொருந்தும் அறிவுரைதான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்தன. மின்சாரம் போய்விட்டால் கைப்பேசிக் கோபுரங்கள் பேட்டரியும் டீசலும் தீரும்வரைதான் தாங்கும். மீடியம் வேவ் எனப்படும் மத்திய அலை ஒலிபரப்பு அப்படியல்ல. அது தரையை ஒட்டி வெகுதூரம் பரவுவதால், பாதிப்புக்கு வெளியே உள்ள நிலையத்தின் அறிவிப்பும் இருண்ட ஊருக்குள் வந்து சேரும். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் மின்சாரமின்றி முடங்கியபோது, அங்கும் மக்கள் பேட்டரி ரேடியோக்களைத் தேடித்தான் கடைக்கு ஓடினார்கள். ஆனால் வீட்டில் ரேடியோ இருந்தால் மட்டும் போதாது. மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்த செல் கசிந்து, ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருந்தால் அவசரத்துக்கு அது பேசாது. செல்லைக் கழற்றித் தனியே வையுங்கள்.

கேள்வி: கைப்பேசியில் எஃப்எம் செயலி வைத்திருக்கிறேன். அது போதாதா?

பதில்: இயர்போனைச் செருகச் சொன்னால் அது உண்மையான எஃப்எம், அந்த ஒயர்தான் ஆன்டெனா. செருகாமலே டேட்டாவில் பாடினால் அது இணைய ஒலி, நெட்வொர்க் போனால் அதுவும் போய்விடும். எஃப்எம் வசதியை முடக்கி விற்க வேண்டாம் என்று 2023-இல் மத்திய அரசு கைப்பேசி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

கேள்வி: தனியார் எஃப்எம்களில் உள்ளூர்ச் செய்தியே இல்லையே, ஏன்?

பதில்: சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க அவற்றுக்கு அனுமதியில்லை, அகில இந்திய வானொலியின் செய்தியறிக்கையை மாற்றமின்றி மறுஒலிபரப்பலாம், அவ்வளவுதான். இணையம் செய்த சேதத்தைவிட இந்த விதி செய்த சேதம் அதிகம் என்பது என் கருத்து. விதிவிலக்கு போல நிற்பவை, உள்ளூர் மக்களுக்காக நடத்தப்படும் சிறு நிலையங்களான சமுதாய வானொலிகள். செய்தி விஷயத்தில் அவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு என்றாலும், 2016-இல் பாம்பனில் தொடங்கப்பட்ட ‘கடல் ஓசை’ நிலையம் காற்று, அலை, மீன்வளம் பற்றி மீனவர்களின் பேச்சுமொழியிலேயே பேசுகிறது. அந்த நேயர்களுக்கென்று அதை வேறு யார் தயாரிப்பார்கள்?

கேள்வி: நார்வே எஃப்எம்மை மூடிவிட்டதாமே?

பதில்: 2017-இல் தேசிய நிலையங்கள் எஃப்எம்மை விட்டு டிஜிட்டல் வானொலிக்கு மாறின, அதுவும் காற்றில் வரும் ஒலிபரப்புதான். இங்கே அகில இந்திய வானொலி டிஆர்எம் என்ற டிஜிட்டல் ஒலிபரப்பு முறையைப் பல நிலையங்களில் கொண்டுவந்தும், அதைக் கேட்கும் பெட்டி சில கார்களில் இருக்கிறதே தவிர, கடைத்தெருவில் எளிதாகக் கிடைப்பதில்லை.