ஹூபர்ட் டேவிஸின் முதல் சீசன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

புதிதாக வந்த கோச்சை முதல் சீசனை வைத்து எடைபோடக் கூடாது, மூன்று வருடமாவது விட்டுப் பார்க்க வேண்டும் என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தீர்கள். நான் அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில், கேரியில் இருக்கிறேன். மகள் சேப்பல் ஹில்லில் உள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் பாஸ்கெட்பால் பைத்தியம் பிடித்துவிட்டது. பழைய ஆட்டங்களைத் தேடிப் பிடித்துப் பார்க்கிறோம்.

அந்தப் பல்கலைக்கழக அணிக்கு ஹூபர்ட் டேவிஸ் கோச்சாக வந்த 2021-22 சீசனைப் பற்றி ஆபீஸில் இன்னமும் சண்டை ஓடுகிறது. அது முந்தைய கோச் ராய் வில்லியம்ஸ் சேர்த்து வைத்துவிட்டுப் போன பையன்கள், யார் வந்திருந்தாலும் அவர்கள் இறுதிப்போட்டிக்குப் போயிருப்பார்கள் என்கிறது ஒரு கட்சி. இல்லை, ஹூபர்ட்டால்தான் என்கிறது இன்னொரு கட்சி. அப்படியானால் அடுத்த வருடம் ஏறக்குறைய அதே பையன்களை வைத்துக்கொண்டு கல்லூரி அணிகளின் தேசியப் போட்டிக்குள்ளேயே நுழைய முடியாமல் போனது ஏன்? அந்த முதல் சீசன் யாருடையது? உங்கள் மூன்று வருடக் கணக்கு இதற்குப் பொருந்துமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டு கட்சியும் பாதி பாதி சரி. ஆனால் இரண்டுமே ஓர் ஆளை விட்டுவிட்டன. தாடியும் நீள முடியுமாக, மரம்வெட்டப் போகிறவர் போல வந்து நின்ற பிரேடி மேனக். என்னைக் கேட்டால் அந்த சீசனின் சாவி அவரிடம்தான் இருந்தது.

முதலில் ராய் வில்லியம்ஸ் விட்டுப்போன இடம் எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம். 2005, 2009, 2017 என்று மூன்று தேசியப் பட்டங்களை வாங்கிக் கொடுத்தவர் அவர். ஆனால் கடைசி இரண்டு வருடமும் சுமார்தான். 2021 மார்ச்சில் விஸ்கான்சினிடம் 85-62 என்று முதல் சுற்றிலேயே தோற்றார். தேசியப் போட்டியில் முதல் சுற்றுத் தோல்வி என்பது அவருக்கு அதுவே முதல் தடவை. ஏப்ரல் முதல் தேதி ஓய்வை அறிவித்தபோது முட்டாள்கள் தின வேடிக்கை என்று நினைத்தவர்கள் உண்டு. நான்கு நாளில் ஹூபர்ட்டை நியமித்துவிட்டார்கள். அந்த அணிக்கு முதல் கறுப்பினத் தலைமைக் கோச். டீன் ஸ்மித்திடம் ஆடியவர், ஒன்பது வருடம் ராய்க்கு உதவிக் கோச்சாக இருந்தவர். பல்கலைக்கழகத்தின் ஜேவி அணியை, அதாவது இரண்டாம் நிலைப் பையன்களின் அணியை நடத்தியதைத் தவிர, தனியாக எந்த அணியையும் நடத்திய அனுபவம் கிடையாது.

ஆனால் அவருக்கு வீசத் தெரியும். அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்பிஏவில் 12 சீசன் ஆடி, மூன்று புள்ளி வீச்சில் 44 சதவீதம் வைத்திருந்தார். அந்த லீகின் மொத்த வரலாற்றிலேயே முதல் வரிசையில் வைக்க வேண்டிய கணக்கு அது. அப்படிப்பட்டவர் கோச்சாக வந்தால் முதலில் எதை மாற்றுவார்? ராயின் ஆட்டத்தில் போர்டுக்குக் கீழே எப்போதும் இரண்டு உயரமான ஆட்கள் நிற்பார்கள். வேகமாக ஓடு, உள்ளே பந்தைக் கொடு, விழாவிட்டால் ரீபவுண்டை எடுத்து மறுபடி போடு, அவ்வளவுதான் சூத்திரம். ஹூபர்ட் அந்த இரண்டு பேரில் ஒருவரை வெளியே இழுக்க நினைத்தார். உயரமாகவும் இருக்க வேண்டும், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று வீசவும் வேண்டும். அப்போதுதான் அவரைக் காக்கிற எதிரணி ஆளும் கூடையை விட்டு வெளியே வருவார், உள்ளே அர்மாண்டோ பேகாட்டுக்கு இடம் கிடைக்கும்.

அந்த மாதிரி ஆள் கையில் இல்லை. ராயின் கடைசி அணியில் இருந்த உயரமானவர்களில் பேகாட் மட்டும்தான் மிச்சம். டேரான் ஷார்ப் என்பிஏவுக்குப் போய்விட்டார், வாக்கர் கெஸ்லர் ஆபர்னுக்கு, கேரிசன் புரூக்ஸ் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு. அதனால் "ராய் சேர்த்து வைத்த அணி" என்று உங்கள் நண்பர்கள் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. அதே நேரத்தில் விதியும் மாறியது. கல்லூரி மாறும் வீரர் ஒரு வருடம் சும்மா உட்கார வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டை 2021 ஏப்ரலில்தான் முதல் மாற்றத்துக்கு மட்டும் எடுத்தார்கள். மார்க்வெட்டிலிருந்து டாசன் கார்சியாவும் ஓக்லஹோமாவிலிருந்து மேனக்கும் வந்தார்கள். மேனக் அங்கே நான்கு வருடம் ஆடி முடித்தவர், கோவிட்டுக்காகக் கொடுத்த கூடுதல் வருடம் கையில் இருந்தது. அங்கே அவருடைய கோச் ஓய்வு பெற்றுவிட்டார். ஒரு கோச் போனதால் கிளம்பி வந்த ஆள், இன்னொரு கோச் போன இடத்தில் வந்து சேர்ந்தார்.

தொடக்கம் படுமோசம். பர்டூவிடம் தோல்வி, மறுநாளே டென்னசியிடம் 17 புள்ளியில். டிசம்பரில் லாஸ் வேகாஸில் கென்டக்கி 98-69 என்று உரித்தெடுத்தது. ஜனவரியில் ஒரே வாரத்தில் மயாமியிடம் 28 புள்ளி, வேக் ஃபாரஸ்டிடம் 22 புள்ளி வித்தியாசத்தில் அடி. பிப்ரவரி 5 அன்று சொந்த ஊரில், பக்கத்து ஊர்ப் பரம எதிரியான டியூக்கிடம் 87-67. இந்த அணி தோற்கும்போது பஞ்சாய்ப் பறந்தது. முதல் சீசனை வைத்து எடைபோடாதே என்று நான் எழுதியதை அப்போது யாராவது சேப்பல் ஹில்லில் படித்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பார்கள்.

இதற்கு நடுவே கார்சியா குடும்பக் காரணத்துக்காக வீட்டுக்குப் போனார். அந்த சீசனில் திரும்பவில்லை. பதிலுக்கு மேனக்கின் இடம் உறுதியானது. மேனக், பேகாட், ஆர்.ஜே. டேவிஸ், கேலப் லவ், லீக்கி பிளாக், இந்த ஐந்து பேர்தான் இனி அணி. பெஞ்சிலிருந்து யாரும் பெரிதாக இறங்கவில்லை. இரும்பு ஐவர் என்று பின்னால் பட்டம் கொடுத்தார்கள். அதை ஹூபர்ட்டின் திட்டம் என்று புகழ்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காயமும் விலகலுமாகப் பெஞ்சு காலியாகிவிட்டது, இருந்த சின்னப் பையன்கள்மீது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வேறு வழியில்லாமல் போனதும் கொஞ்சம் பிடிவாதமும்தான்.

பிப்ரவரி 16 அன்று சொந்த மைதானத்தில் பிட்ஸ்பர்க்கிடம் 76-67. அந்த வருடம் பிட்ஸ்பர்க் மிகச் சாதாரண அணி. தேசியப் போட்டிக்குத் தகுதி கிடைப்பதே சந்தேகம் என்று ஆனது அன்றைக்குத்தான். அதன் பிறகு தொடர்ந்து ஐந்து வெற்றி, அதில் ஒன்று ஓவர்டைமில். ஐந்தாவது வெற்றி எங்கே என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் 5, டியூக்கின் ஊரான டர்ஹாம், கேமரன் உள்ளரங்கம். 42 வருடம் டியூக்கை நடத்திய கோச் கே என்ற மைக் ஷஷெஃப்ஸ்கிக்கு அந்த மைதானத்தில் அதுதான் கடைசி ஆட்டம். அவருடைய பழைய மாணவர்கள் தொண்ணூற்றுச் சொச்சம் பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். விருந்தாளி அணி பலியாடாக வந்து போக வேண்டிய நாள். பேகாட் 23, லவ் 22, ஆர்.ஜே. டேவிஸ் 21, மேனக் 20. நான்கு பேர் இருபதைத் தொட்டார்கள் அல்லது தாண்டினார்கள், 94-81. ஆட்டம் முடிந்து நடந்த பாராட்டு விழாவில் கோச் கேயே மைக்கைப் பிடித்து, இன்றைக்கு ஆடியது ஏற்கத்தக்கதல்ல என்று கூட்டத்திடம் சொல்ல வேண்டி வந்தது. நான்கு வாரத்துக்கு முன்னால் இதே டியூக்கிடம் இருபது புள்ளியில் தோற்ற அதே ஐந்து பேர்தான் இவர்கள்.

நீங்கள் பழைய ஆட்டங்களைப் பார்ப்பதாக எழுதியிருப்பதால் ஒன்றைச் சிபாரிசு செய்கிறேன். எல்லோரும் டியூக் ஆட்டத்தையே பார்ப்பார்கள். நீங்கள் தேசியப் போட்டியின் இரண்டாம் சுற்று பெய்லர் ஆட்டத்தைப் போடுங்கள். பெய்லர் நடப்பு சாம்பியன், அந்தப் பிரிவில் முதலிடம். வட கரோலினாவுக்கு எட்டாவது இடம். பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே மிச்சம் இருக்கும்போது வட கரோலினா 67-42 என்று முன்னிலையில். மேனக் மட்டும் 26 புள்ளி எடுத்திருந்தார். அப்போது ரீபவுண்டுக்கான தள்ளுமுள்ளில் அவருடைய முழங்கை பெய்லரின் ஜெரமி சோஹான் முகத்தில் பட்டது. நடுவர்கள் திரையில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு அவரை வெளியே அனுப்பினார்கள்.

அந்த இடத்திலிருந்து கவனித்துப் பாருங்கள். மேனக் நின்ற இடத்தில் இப்போது வீசத் தெரிந்த உயரமான ஆள் இல்லை. பெய்லர் முழு மைதானத்துக்கும் வந்து நெருக்குகிறது. பந்தை மறுபாதிக்குக் கொண்டுபோவதே பெரும்பாடாகிறது. லவ் ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியேறுகிறார். 25 புள்ளி முன்னிலை பத்து நிமிடத்தில் கரைந்து 80-80. ஓவர்டைம். ஒரு வருடத்தில் ஹூபர்ட் கட்டியது என்ன, கடன் வாங்கியது என்ன என்று அந்தப் பத்து நிமிடம் பிரித்துக் காட்டிவிடும். பிறகு அதுவரை பெரிதாக இறங்காத டான்ட்ரெஸ் ஸ்டைல்ஸ் என்ற முதலாண்டுப் பையன் ஓவர்டைமில் ஒரு த்ரீ போட்டார். ஆர்.ஜே. டேவிஸ் மொத்தம் 30 எடுத்தார். 93-86. தப்பித்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்த சுற்று யூசிஎல்ஏ ஆட்டம் கேலப் லவ்வுடையது, 30 புள்ளி, பெரும்பகுதி இரண்டாம் பாதியில். செயின்ட் பீட்டர்ஸ் ஆட்டத்தில் சொல்ல ஒன்றுமில்லை, பேகாட் 22 ரீபவுண்டு எடுத்தார். நியூ ஆர்லியன்ஸில் அரையிறுதி மறுபடியும் டியூக். இந்த இரண்டு பக்கத்து ஊர்களும் தேசியப் போட்டியில் அதற்குமுன் மோதியதே இல்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். 81-77. லவ் 28. கடைசி அரை நிமிடத்தில் அவர் போட்ட த்ரீயோடு கோச் கேயின் தொழில் வாழ்க்கை முடிந்தது. அதே ஆட்டத்தில் பேகாட்டின் கணுக்கால் பிசகியது.

இறுதிப்போட்டி நடந்தபோது நம் ஊரில் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. இடைவேளையில் கான்சஸ் 25, வட கரோலினா 40. நான் குளிக்கப் போகலாமா என்று யோசித்தேன். போகாதது நல்லதாயிற்று. இரண்டாம் பாதியில் கான்சஸ் 47, இவர்கள் 29. ஒரு கட்டத்தில் 16 புள்ளி வரை போன முன்னிலை அது, இறுதிப்போட்டி வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய முன்னிலையை அதற்குமுன் யாரும் விட்டதில்லை. இங்கேதான் பெஞ்சு இல்லாததன் விலை. கணுக்காலோடு ஆடிய பேகாட் 15 ரீபவுண்டு எடுத்தார், கடைசி நிமிடத்தில் மறுபடி கால் பிசகி நொண்டிக்கொண்டே வெளியே போனார். லவ் 24 முறை வீசி ஐந்துதான் விழுந்தது. பெஞ்சிலிருந்து வந்த பஃப் ஜான்சன் 11 புள்ளி எடுத்துவிட்டு மைதானத்திலேயே வாந்தி எடுத்தார். சமன் செய்ய லவ் போட்ட கடைசி த்ரீயும் விழவில்லை. 72-69. சீசன் கணக்கு 29 வெற்றி, 10 தோல்வி.

சரி, உங்கள் கேள்வி. அடுத்த வருடம் பேகாட், லவ், ஆர்.ஜே., பிளாக் நால்வரும் திரும்பி வந்தார்கள். மேனக் மட்டும் இல்லை. சீசனுக்கு முன்பே நாட்டின் முதல் அணி என்று பட்டம் கட்டிவிட்டார்கள். மேனக்கின் இடத்துக்கு நார்த்வெஸ்டர்னிலிருந்து பீட் நான்ஸை அழைத்து வந்தார் ஹூபர்ட். காகிதத்தில் அதே மாதிரி ஆள்தான், உயரம் உண்டு, வீசவும் தெரியும். ஆனால் இங்கே கை ஓடவில்லை. எதிரணிகள் அவரை விட்டுவிட்டு உள்ளே பேகாட் மேல் குவிந்தன, லவ்வுக்கும் ஆர்.ஜே.க்கும் ஓட இடமில்லை. 20 வெற்றி, 13 தோல்வி, தேசியப் போட்டிக்கு அழைப்பு இல்லை. 1985-ல் போட்டி 64 அணிகளாக விரிந்த பிறகு, முதலிடத்தில் தொடங்கிய அணி வெளியே நின்றது அதுதான் முதல் தடவை.

ஆக, நால்வரையும் வைத்து ராய் கட்சி ஜெயிக்க முடியாது, அவர்கள் அடுத்த வருடமும் இருந்தார்கள். ஹூபர்ட்டை வைத்து ஹூபர்ட் கட்சியும் ஜெயிக்க முடியாது, அவரும் இருந்தார். ஆனாலும் அந்த ஐந்தாவது ஆள் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று யோசித்துத் தேடியது ஹூபர்ட்தான். அதனால் முதல் சீசனில் அவருக்கு உரிய பங்கு அதுதான் என்பேன், அது சின்னப் பங்கும் இல்லை. இரண்டாவது வருடம் அதே யோசனைக்குத் தவறான ஆள் கிடைத்தார். மூன்றாவது வருடம் லவ் அரிசோனாவுக்குப் போக, ஹாரிசன் இங்ரமும் கார்மக் ரயனும் வந்தார்கள். ஏசிசி என்ற தங்கள் மண்டல லீகில் முதலிடம், 29 வெற்றி, ஹூபர்ட்டுக்கு ஏசிசியின் சிறந்த கோச் விருது.

மூன்று வருடக் கணக்கைப் பற்றி: நான் அதை எழுதியபோது மனதில் இருந்தது நான்கு வருடம் ஒரே கல்லூரியில் ஆடும் பையன்கள். இப்போது பாதி அணி ஒவ்வொரு வருடமும் ஊர் மாறுகிறது. மூன்று வருடத்தில் கோச் நடத்துவது மூன்று வெவ்வேறு அணிகளை. அதனால் கணக்கை விடவில்லை, ஆனால் இனி வெற்றி தோல்வியை எண்ணாமல், ஒவ்வொரு கோடையிலும் ஒரு கோச் யாரைத் தேடிப் போகிறார், எந்த இடத்துக்கு என்று பார்ப்பேன். உங்கள் மகளிடம் சொல்லுங்கள், ஏப்ரல், மே மாதங்களில் வரும் மாற்றல் செய்திகள் மார்ச் ஆட்டங்களைப் போலவே பார்க்க வேண்டியவை. பெய்லர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அந்த முழங்கைக்கு வெளியேற்றம் அதிகம் என்பது என் கட்சி, உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்.